அனுசுயா வாங்கிய பட்டன் போன்

அனுசுயாவுக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு ஒயர் கட்டித் தரும் ஒரு கம்பெனியில். கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். ஷிப்டு முழுக்க நின்றபடி ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்ற வேண்டும். கை அது பாட்டுக்கு வேலை செய்யும். நடுநடுவே இடுப்புப் பக்கம் போன் அதிர்கிற மாதிரி இருக்கும். தொட்டுப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது.

ஷிப்டு முடிந்ததும் முதலில் போன், அப்புறம்தான் தண்ணீர். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் வேப்பம்பட்டு வரை தலை நிமிராது. திரையில் யாரோ சமைத்தார்கள், யாரோ அழுதார்கள், யாரோ புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். இறங்கும்போது எதுவும் நினைவில் இருக்காது, கண் மட்டும் எரியும். வீட்டிலும் அதேதான். சோறு வேகும்வரை என்று எடுப்பாள், சோறு குழைந்துவிடும். கணவன் லோகநாதன் அதைப் பார்க்காமலே சாப்பிட்டுவிடுவான். அவன் கையிலும் ஒன்று இருந்தது.

ஆடி மாதத்தில் ஏழாவது படிக்கும் மகள் ரேகாவுக்குக் காய்ச்சல். பக்கத்தில் படுத்திருந்த அம்மாவிடம் தண்ணீர் கேட்டாள். "தோ, தர்றேன்" என்ற அனுசுயா போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, பிள்ளை தானே எழுந்துபோய்ச் சுவரைப் பிடித்தபடி குடத்தண்டை நின்றிருந்தது.

"ஏண்டி, கூப்புடக் கூடாதா?"

"எத்தினி தபாம்மா கூப்புடறது?"

சொல்லிவிட்டு ரேகா படுத்துக்கொண்டாள். அனுசுயா ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு அவள் தலைமாட்டில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பட்டன் போன் வாங்கி, சிம்மை மாற்றிக்கொண்டாள். பெரிய போன் பீரோவில் புடவைகளுக்கு அடியில் போனது. முதலில் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. ரயிலில் பக்கத்தில் இருப்பவளின் திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு தூக்கம் வந்தது. பல வருஷத்துத் தூக்கம். ரயிலில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கினாள், வீட்டில் சாப்பிட்ட இடத்திலேயே தூங்கினாள். ரேகா பள்ளிக்கூடக் கதை சொல்ல வந்தாலும் பாதியில் கண் சொருகியது.

அந்த வாரக் கடைசியில் காலை ஷிப்டுக்குப் போனவளை சூப்பர்வைசர் கலியமூர்த்தி கேட்டில் நிறுத்தினார்.

"இன்னாம்மா, உனக்கு மதியம் ஷிப்டு. குரூப்ல போட்டேனே, பாக்கலயா?"

"பட்டன் போன்தான் சார் கீது. ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"லைன்ல கீற அத்தினி பேருக்கும் போன் பண்ணிகினு இருந்தா நான் எப்போ வேல பாக்கறது? ஒழுங்கா பெரிய போன் எடுத்துகினு வா."

வீட்டுக்குப் போய்த் திரும்பத் தெம்பில்லை. எதிரே டீக்கடை பெஞ்சில் மதியம்வரை உட்கார்ந்து, போகிற வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பீரோவைத் திறந்து பெரிய போனில் சிம்மைத் திரும்பப் போட்டுச் சார்ஜில் வைத்தாள். குவிந்து கிடந்த செய்திகளில் ஷிப்டு மாற்றம் இருந்தது. ரேகா பள்ளியின் பெற்றோர் கூட்டமும் இருந்தது, அதுவும் முடிந்துபோயிருந்தது.

"நான் சொன்னேன்மா. நீ தூங்கிட்ட" என்றாள் ரேகா.

"இனிமே நீ கூப்ட்டு நான் காதுல வாங்கலன்னா, போனப் புடுங்கிடு. இன்னா?"

ரேகா அப்படித்தான் செய்கிறாள். சில நாள் அனுசுயா சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறாள். கால் வலிக்கிற நாட்களில், "ஒரு நிமிசம் இருடி" என்று எரிந்து விழுகிறாள். அப்போது ரேகா போனைத் திரும்ப அவள் மடியில் வைத்துவிட்டு, தன் பாடத்தைப் பார்க்கப் போய்விடுகிறாள்.