அவிழ்க்காத தபால் பை

எங்கள் அலுவலகத்துத் திகதி முத்திரைக்கு மரப்பிடி. வருடத்தைக் காட்டும் இறப்பர்ப் பட்டி தளர்ந்திருந்ததால் கடைசி இலக்கம் எப்போதும் சரிந்தே விழும். ஓய்வுபெற்ற அன்று பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டுதான் அதை ஒப்படைத்தேன். நான் முறை தவறாதவன். என் வாழ்வில் செய்த பெரிய அநியாயத்தையும் முறைப்படியே செய்தேன்.

விவசாய ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் பிரதம இலிகிதராக இருந்தேன்; பதிவேடும் முத்திரையும் என் பொறுப்பு. சின்ன வெங்காயத்தின் இலைகள் முறுகி அழுகிய காலம் அது. எல்லோரும் மண்ணையே குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தோம். நோய் விதை வெங்காயத்தோடு வருகிறது என்பதை எங்கள் ஆராய்ச்சி உத்தியோகத்தர் உரும்பிராய்த் தோட்டங்களில் கண்டுபிடித்தார். அதையே கொடிகாமத்தில் ஒரு விஞ்ஞான ரீச்சர், பாடசாலைத் தோட்டத்தின் நாலு பாத்திகளில், யாரையும் கேளாமல் கண்டுபிடித்திருந்தார். ஒருவரையொருவர் அறியார்கள். ரீச்சரின் அறிக்கை காலை ஒன்பது மணிக்குத் தபால் பையில் வந்தது. பையைப் பணிப்பாளர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும். பணிப்பாளரோ சந்நிதி கோயில் தேர்த் திருவிழாவுக்குத் தொண்டைமானாறு போயிருந்தார். பதினொரு மணிக்கு உத்தியோகத்தர் தன் அறிக்கையைக் கையில் தந்தார். கையில் தந்தால் உடனே முத்திரை, அதுவும் முறைதான். பை மறுநாள் அவிழ்ந்தது; ரீச்சரின் அறிக்கையில் மறுநாள் திகதியே விழுந்தது. தலைமையகம் பதிவேட்டைப் பார்த்து, முந்தியவரின் பெயரை மட்டும் ஆய்வு வெளியீட்டில் அச்சிட முடிவு செய்தது.

அன்று காலை தபால்காரர் வந்துபோனதை உத்தியோகத்தர் கண்டிருந்தார். என் மேசையருகே வந்து நின்றார். "அண்ணை, அவவின்ரை கடிதமும் அண்டைக்குத்தானே வந்தது? உள்ளதை எழுதித் தாங்கோ. ரெண்டு பேரின்ரை பேரும் வரட்டும்."

"பதிவேட்டிலை கிடக்கிறதுதான் உள்ளது, தம்பி" என்றேன்.

பிறகு அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. விவசாயிகளின் கூட்டங்களில் மட்டும், "நானும் கொடிகாமத்து ரீச்சரும் கண்டது" என்றே தொடங்குவார். உரும்பிராயில் ஒருவர், "கலியாணத்துக்குத்தான் எங்களுக்குச் சொல்லேல்லை, ரீச்சரையாவது ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருமன்" என்று பகிடி விட்டாராம். சிரித்துவிட்டு அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னார்.

சென்ற மாதம் அவர் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கான நினைவு மலருக்காக அவருடைய மகள் சேவைக் குறிப்பைச் சரிபார்க்கும்படி எனக்கு அனுப்பியிருந்தார். 'முதன்முதலில் கண்டறிந்தவர்' என்ற வரியில் பேனா நின்றது. நாலு நாள் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. பத்திரிகையின் ஒரே பக்கத்தை மூன்று முறை விரித்து, ஒன்றும் மனதில் ஏறாமல் மடித்தேன். தன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம்விட அவர் தயாராக இருந்தார். என்னிடம் அவர் பெருந்தன்மை கேட்கவில்லை. ஒரு வரி கேட்டார்.

ஐந்தாம் நாள் அவருடைய மகளுக்குக் கடிதம் எழுதினேன்: பை வந்த நேரம், அவிழ்த்த நாள், இருவரும் தனித்தனியே கண்டது. தபாலில் போட மனமில்லை. பஸ் ஏறிக் கொடிகாமம் போய், முதலில் ரீச்சரிடம் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை வாசித்தார்.

"அவர் இருக்கேக்கை எழுதியிருக்கலாம்" என்றார். கடிதத்தைத் திருப்பித் தரும்போது, "இதுக்கு என்ன பதிவு இலக்கம் போட்டனியள்?" என்று கேட்டார்.

இலக்கம் இல்லை. முத்திரையும் இல்லை. அடியில் திகதியைக் கையால் எழுதியிருந்தேன். வருடத்தின் கடைசி இலக்கம் சரிந்தே விழுந்திருந்தது.