கண்ணை மட்டும் விட்டுவிட்டு

“கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க டீச்சர்” என்று ஜெயன் சிரித்து முடிப்பதற்குள், அவன் மனைவி தாசம்மாள் மேசைமேல் கிடந்த மர ஸ்கேலை எடுத்து முழங்காலில் வைத்து ஒடித்தாள்.

மலையாள நகரம் ஒன்றில், ஸ்ரீவராகம் பகுதியில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கும் விஜயம் டீச்சர் எழுந்துவிட்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் தங்கள் மகள் அபிஷாவை ஜெயனும் தாசம்மாளும் சேர்க்க வந்த முதல் நாள் அது. அபிஷா பயந்துபோய் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது கோடு போடற ஸ்கேல்மா. நான் கொழந்தைகளை அடிக்கறவ இல்லை.”

“நீங்க அடிக்கமாட்டீங்க டீச்சர். இவரு அடிக்கச் சொல்லியாச்சே.”

“ஒனக்கென்னட்டி, பிராந்தா?” என்றான் ஜெயன். “எல்லா அப்பன்மாரும் சொல்லுகதுதான. வெறுதே, ஒரு பேச்சுக்கு.”

“எங்க அப்பனும் பேச்சுக்குத்தான் சொன்னாரு.”

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். தாசம்மாளுக்கு அப்போது ஆறு வயது. அப்பா இதே வார்த்தையை மரியாதைக்குச் சொன்னார். வாத்தியார் அனுமதியாக எடுத்துக்கொண்டார். ஐந்து வருடம். ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டவில்லை. காலடிச் சத்தம் மட்டும் நன்றாகப் படித்தாள். வாத்தியார் வராந்தாவில் வரும்போதே இன்றைக்கு அடி யாருக்கு என்று தெரிந்துவிடும். ஊர் அவளை மண்டு என்றது. வீட்டில் போய்ச் சொன்னதற்கு அப்பாவிடமும் வாங்கினாள். வாத்தியார் ஓய்வு பெற்றபோது ஊரே மாலை போட்டது. அப்பாவும் போட்டார்.

இப்போது முப்பத்தாறு வயது. சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சேலை மடிக்கிறாள். முதலாளி சும்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே மடித்தது கையிலிருந்து விழுந்துவிடும். இரண்டு வருடமாக மாத்திரை. சின்ன வயதில் தினமும் பயந்த மூளை பயத்துக்கென்றே வளர்ந்துவிடும், ஆபத்து போன பிறகும் காவலை விடாது, உன் புத்தியில் குறையில்லை என்று டாக்டர் சொன்னாள். அழுவாள் என்று டாக்டர் எதிர்பார்த்தாள். தாசம்மாளுக்கு வந்தது ஆத்திரம். இதைச் சொல்ல ஒருத்தருக்கு முப்பது வருடமா?

“சொன்னதைத் திருப்பி எடுங்க.”

“ஆளுங்க பாக்காங்கட்டி.” வாசலில் மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் நின்றிருந்தார்கள்.

“பாக்கட்டும். பிள்ளைக்க முன்னால சொன்னீங்கல்லா, பிள்ளைக்க முன்னாலயே எடுங்க.”

ஜெயன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அவனைக் காப்பாற்றவில்லை.

“அடிக்கண்டா டீச்சர்” என்று மலையாளத்தில் முணுமுணுத்தான்.

“அதைத் தமிழ்லதான சொன்னீங்க? இதையும் தமிழ்ல சொல்லுங்க.”

“அடிக்க வேண்டாம் டீச்சர்.” தொண்டையைச் செருமினான். “என்ன ஆனாலும்.”

மறுநாள் தாசம்மாள் கடைக்கு லீவு சொன்னாள். நாலரைக்கு அபிஷாவை டியூஷனில் விட்டாள். போகாமல், உள்ளேயிருந்து அடிச் சத்தம் வருகிறதா என்று கேட்டபடி ஆறு மணிவரை எதிர்வீட்டு மதிலோரம் நின்றாள். மழை தூறியது. அபிஷா வெளியே வந்து பசிக்கிறது என்றாள். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் நேந்திரம்பழ பஜ்ஜி, பழம்பொரி, வாங்கிக்கொடுத்து பஸ் ஏறினாள். ஜெயன் அன்று ராத்திரி தானே சோறு போட்டுச் சாப்பிட்டான்.