வாளியக்காவின் சாட்சி

உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்கிறாளா? அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்கிறீர்கள், மதிப்பெண்ணைத் துருவிப் பார்க்கிறீர்கள். காலையில் போன கனத்தோடு மாலையில் திரும்பி வருகிறதே தண்ணீர் பாட்டில், அதை ஒரு நாளாவது தூக்கிப் பார்த்தீர்களா?

எனக்குத் தெரிந்த ஒருவர் தினமும் அதைப் பார்க்கிறார். ஒரு மேல்நிலைப் பள்ளியில் கழிப்பறை கழுவுகிறவர். குழாயில் தண்ணீர் வராததால் வெளித்தொட்டியிலிருந்து மொண்டு சுமப்பார். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் வாளியக்கா. பெண்கள் கழிப்பறையில் இரண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. மூன்றாவதற்குக் கதவே இல்லை.

“எனக்கென்ன, வேலை சுலபம். யாரு வர்றா அசிங்கம் பண்ண? எல்லாம் அடக்கிக்கிட்டு, மணி அடிச்சதும் வீட்டுக்குப் பறக்குதுங்க” என்று சிரிப்பார்.

அவருடைய தங்கை மகளும் அங்கேதான் பிளஸ் டூ படித்தாள். “பள்ளிக்கூடத்துல என்னைப் பெரியம்மான்னு கூப்பிட்டுத் தொலைக்காதே. கூட இருக்கிறதுங்க உன்னை ஓட்டியே கொன்னுடும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவளும் எல்லோரையும் போல வாளியக்கா என்றே கூப்பிட்டாள். பழக்கம் முற்றிப்போய் வீட்டிலும், “வாளியக்கா, பசிக்குது” என்பாள். “வாய்க்கொழுப்பு” என்று தலையில் ஒரு குட்டு விழும்.

பக்கத்துப் பள்ளியில் ஒரு மாணவன் போதை மாத்திரை விழுங்கி மயங்கி விழுந்தான். உடனே இங்கே பெற்றோர் கூட்டம். குலுக்கலில் யார் எண் வருகிறதோ, அவர்கள் சிறுநீர் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் போதைப்பொருள் எடுத்தவர்களாகவே கருதப்படுவார்கள். “தப்பு பண்ணாத பிள்ளைக்கு என்ன பயம்?” என்றார் ஒரு தந்தை. எல்லாக் கைகளும் உயர்ந்தன. வாளியக்காவின் தங்கை கையும் உயர்ந்தது. டீ கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த வாளியக்காவின் கைகள் இரண்டும் நிறைந்திருந்தன.

மாத்திரை விற்றவனை எந்தக் குலுக்கலிலும் போடவில்லை. குற்றம் செய்ததற்கு ஆதாரம் கேட்பது சட்டம். செய்யாததற்கு ஆதாரம் கேட்பதை என்னவென்று சொல்வது? பிள்ளைகளின் மேல் அக்கறையாம்!

முதல் குலுக்கலிலேயே தங்கை மகளின் எண் வந்தது. ஏமாற்றக்கூடாது என்பதற்காகக் கதவு பாதி திறந்திருக்க வேண்டும். வெளியே ஒரு டீச்சர் நிற்பார். கையில் டப்பாவோடு உள்ளே போனவள் வெறும் டப்பாவோடு வந்தாள்.

“வரல மிஸ்.”

“வராதா? தண்ணி குடி. மறுபடி போ.”

குடித்தாள். போனாள். வரவில்லை. பரிசோதிக்க வந்தவர்கள் பெட்டியைக் கட்டத் தொடங்கினார்கள். தலைமையாசிரியர் வந்தார். “கொடுக்க மறுத்துட்டான்னு போட்டுக்கோங்க.”

வாளியக்கா வாளியைக் கீழே வைத்தார். “சார், அவ மறுக்கல சார். காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. இப்பதான் குடிச்சா. குடிச்ச உடனே வருமா? அதுவும் கதவைத் திறந்து வெச்சிக்கிட்டு? அவ மட்டும் இல்ல சார், இங்க எந்தப் பொண்ணும் குடிக்காது. ஒரு தடவை உள்ள வந்து கதவைப் பாருங்க.”

தலைமையாசிரியர் கழிப்பறைப் பக்கம் திரும்பினார். ஓர் அடி எடுத்தும் வைத்தார்.

“சொல்லு பெரியம்மா! நல்லா சொல்லு!” என்று அழுதபடியே கத்திவிட்டாள் அந்தப் பெண்.

அவர் நின்றார். “பெரியம்மாவா? அதானே பார்த்தேன். சொந்தக்காரி வேற எப்படிப் பேசுவா? உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

தாழ்ப்பாள் இல்லாத கதவு, சொந்தக்காரி சொன்னால் தாழ்ப்பாள் முளைத்துவிடுமா? இதைக் கேட்க அங்கே ஆளில்லை. வாளியக்கா வாளியை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். வேறு என்ன செய்ய முடியும் அவரால்?

மறுநாள் காலையே வாளியக்காவின் தங்கை தன் மகளை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனாள். எந்தப் போதைப்பொருளும் இல்லை என்றது முடிவு. “இது இன்னிக்கு உள்ளதும்மா. நேத்து மறுத்ததுக்கு இது பதிலாகாது” என்றார் தலைமையாசிரியர். அந்தப் பருவம் முழுக்க நீக்கம். தெருவில் அவளுக்கு ‘பவுடர்’ என்று பெயர் விழுந்தது. அடுத்த பருவத்தில் வரலாம் என்றார்கள். அவள் போகவில்லை. இப்போது ஒரு துணிக்கடையில் சட்டை மடிக்கிறாள்.

“திரும்பப் படிக்கப் போடி” என்று வாளியக்கா கெஞ்சாத நாளில்லை. அவள் ஒரே பதில்தான் சொல்கிறாள்: “கடையில பாத்ரூமுக்குத் தாழ்ப்பா இருக்கு பெரியம்மா.”

உங்கள் பிள்ளையின் பள்ளியிலும் நாளை இப்படி ஒரு கூட்டம் நடக்கலாம். கையை உயர்த்துமுன் கழிப்பறைக்குள் போங்கள். குழாயைத் திருகிப் பாருங்கள். கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கூட்டத்துக்குத் திரும்பி வந்து, வாளியக்கா சொன்னதையே சொல்லுங்கள். அப்போது எந்தப் பிள்ளையின் எண்ணும் வந்திருக்காது; உங்களைச் சொந்தக்காரர் என்று யாரும் தள்ளிவிட முடியாது.