சிவப்புத் தலைக் கட்டைகள்

அந்த மாரியிலை நான் செய்தது களவு எண்டு இப்பவும் ஒத்துக்கொள்ள மாட்டன். மோட்டு வேலை எண்டு சொல்லுங்கோ, கேட்டுக்கொள்ளுறன்.

முகாமிலையிருந்து முசலிப் பக்கத்து எங்கட காணிக்குத் திரும்பி வந்த முதல் வருசம். வீடு எண்டால் நாலு தகரமும் ஒரு தறப்பாளும்தான். வாழ்வாதாரம் எண்டு நிறுவனக்காரர் ஆறு ஆடு தந்தவை. ஆடு எந்த வெயிலையும் தாங்கும், ஈரம்தான் அதுக்கு எமன். ரெண்டு நாள் சேத்திலை நிண்டால் குளம்பு அழுகும், மூண்டாம் நாள் இழுக்கத் தொடங்கும். மழை பிடிச்ச கிழமையே ஒண்டு செத்துப்போச்சு. மிச்சத்தைக் காப்பாத்த நிலத்திலையிருந்து உயத்திப் பரண் கட்டவேணும். கட்டைக்கு எங்கை போறது? காட்டிலை ஒரு தடி வெட்டினாலே பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்.

வளவுக்குப் பின்னாலை ஒரு மேடு இருந்தது. மிதிவெடி எடுக்கிற ஆக்கள் அதின்ரை ஓரம் முழுக்கக் கட்டை அடிச்சு வைச்சிருந்தவை. இடுப்பளவு உயரம், நேரான கட்டையள், தலையிலை சிவப்பு பெயின்ற். அதுக்கு அங்காலை கால் வைக்கக் கூடாது. மழைக்கு அவையள் வேலையை நிப்பாட்டிப்போட்டுப் போட்டினம். ஒழுங்கையிலை எல்லாரும் ஒண்டு ரெண்டு பிடுங்கி வேலிக்கு நட்டினம். நான் பதினாலு பிடுங்கினன். மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஒழுங்கை முடக்கிலை நிண்ட மண்டையோட்டுப் போர்டை மட்டும் தொடேல்லை, நான் அவ்வளவு மொக்கு இல்லையாம்!

என்ரை மனுசன் அப்ப வெள்ளாங்குளத்திலை கூலி வேலைக்குப் போயிருந்தவர். வந்து பரணைப் பாத்துப்போட்டு, "கட்டை ஏது?" எண்டார்.

"நிறுவனக்காரர் மிஞ்சினதைத் தந்தவை" எண்டன். சிவப்புத் தலையளை மண்ணுக்குள்ளை தாட்டிருந்தபடியாலை அவர் வேற ஒண்டும் கேக்கேல்லை. வேலை முடிஞ்ச இடத்திலை மிதிவெடி ஆக்கள் கட்டையளைக் கழட்டிக்கொண்டு போறது வழமை. மேடு துப்பரவாகியிட்டுது எண்டு நினைச்சிருப்பார்.

ரெண்டு நாளாலை குளம் நிரம்பி வான் பாய்ஞ்சது. பிள்ளையள் ரெண்டையும் விடியவே தங்கச்சி வீட்டை அனுப்பிப்போட்டு, நான் அரிசி மூட்டையைக் கதிரைக்கு மேலை ஏத்திக்கொண்டு நிக்கிறன். வளவுக்குள்ளை முழங்கால் தண்ணி. பரண் சரிஞ்ச சத்தம் கேட்டுத் திரும்பினால், ஆடுகள் அஞ்சும் மேட்டிலை. சினை ஆடு எல்லாத்துக்கும் முன்னாலை. அதைப் பிடிக்க இவர் இருபது அடி ஏறிப்போட்டார்.

"ஐயோ, இஞ்சாருங்கோ! நில்லுங்கோ! அசையாதேங்கோ!"

"என்ன, பாம்பே?"

"மிதிவெடி! அது இன்னும் எடுக்கேல்லை. கட்டையளை நான்தான் பிடுங்கினனான்!"

அவர் தூக்கின காலை எங்கை வைக்கிறது எண்டு தெரியாமல் நிண்டார். மழை ஊத்துது. அவர் ஏறின அடியள் சேத்திலை குழி குழியாத் தெரிஞ்சுது, ஆனா ஒவ்வொண்டாக் கரையத் தொடங்கிட்டுது.

"திரும்பாதேங்கோ. அப்பிடியே பின்னுக்கு வாங்கோ, நான் சொல்லுறன். சோத்துக்கைப் பக்கம் கொஞ்சம்... காணும், வையுங்கோ. மற்றக் காலை நேர பின்னுக்கு. ஐயோ கொஞ்சம் பொறுங்கோ, அந்த அடி எனக்குத் தெரியேல்லை."

கேதீச்சரத்தானே, இந்த மனுசனைத் தந்திடு, ஆடு மாடு ஒண்டும் கேக்க மாட்டன் எண்டு வாய்க்குள்ளை சொல்லிக்கொண்டு, வெளியிலை "இடப்பக்கம், இடப்பக்கம்" எண்டு கத்தினன். கடைசி நாலு அடியும் கரைஞ்சுபோச்சு. குத்துமதிப்பிலைதான் சொன்னனான். சினை ஆடு மேட்டிலை நிண்டு குழை கடிச்சுக்கொண்டிருந்தது, சனியன்.

அவரின்ரை கால் தண்ணிக்குள்ளை விழுந்ததும் சேட்டுக் கொலரைப் பிடிச்சுக்கொண்டு அழுதன். "அடியுங்கோ" எண்டன். அவர் அடிக்கேல்லை. மேட்டையும் வளவையும் மாறி மாறிப் பாத்தார்.

"கட்டை பிடுங்கி எத்தினை நாள்?"

"ஒன்பது."

"பிள்ளையள் விறகு பொறுக்கப் போறது எந்தப் பக்கத்தாலை?"

நான் அடுப்படியைத் திரும்பிப் பாத்தன். அங்கை ஒரு கட்டு விறகு கிடந்தது. முந்தநாள் சின்னவள் தலையிலை வைச்சுக் கொண்டுவந்து போட்டது. என்ரை கெட்டிக்காரி எண்டு நான் அவளைக் கொஞ்சினனான்.