தம்பிக்கு ஆகாத பால்

என் தம்பிக்குப் பால் ஒத்துக்கொள்ளாது என்பதைக் கண்டுபிடித்தது நான்தான். டாக்டர் இல்லை, அத்தை இல்லை, கயிறு மந்திரித்துக் கொடுத்தவரும் இல்லை. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. இதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். மூன்று கறவை மாடுகள். இரண்டு கலப்பின மாடுகளின் பால் சொசைட்டிக்குப் போய்விடும். மூன்றாவது நாட்டு மாடு. அதன் பால் தம்பிக்கு மட்டும். கலப்பின மாட்டுப் பாலைத் தன் மகன் வாயில் வைக்க அப்பா விடமாட்டார். பெண் பிள்ளையான எனக்குத் தண்ணீர் கலந்த காப்பி. ஏன் என்று கேட்டால் பால் குடித்தால் சளி பிடிக்கும் என்பார்கள். அது தம்பிக்கு மட்டும் பிடிக்காத சளி.

காலையில் கறந்த பாலை அம்மா காய்ச்சி ஆற்றித் தருவாள். அப்பா தம்பியை மடியில் உட்கார வைத்துத் தன் கையாலேயே ஒரு டம்ளர் முழுக்கக் குடிக்க வைப்பார். அவர் வேறெந்த வேலையிலும் அவ்வளவு பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

தம்பிக்கு இரண்டரை வயது. வயிறு மட்டும் பானை மாதிரி, கை கால் குச்சி. பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு கடகடவென்று சத்தம் போடும். காலை மடக்கிக்கொண்டு அழுவான். அப்புறம் நுரை நுரையாக, புளித்த நாற்றத்தோடு வெளியே போவான். பின்பக்கம் சிவந்து புண்ணாகி, தண்ணீர் பட்டாலே கத்துவான். கழுவிவிடுவது என் வேலை என்பதால் எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும்.

அத்தை எங்களோடுதான் இருந்தார். அவருக்கு எல்லாவற்றுக்கும் காரணம் தெரியும். ஒரு நாள் கண் பட்டது என்பார், ஒரு நாள் குடல் மேலே ஏறிக்கொண்டது, குடலேத்தம் என்பார், மற்ற நாளெல்லாம் அம்மா.

“உன்ற கை சுத்தமில்ல அம்மிணி. எங்கூட்டுப் பையன் இப்புடி இளைக்கறதுக்கு வேற என்ன காரணமிருக்குது?”

அம்மா பாத்திரத்தை மறுபடியும் கழுவுவாள். கழுவிய பாத்திரத்தையே கழுவுவாள். அதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும்.

இடையில் நாட்டு மாடு நிறைசினையாகிப் பால் வற்றியது. இரண்டு மாதம் தம்பிக்குப் பால் கிடையாது. ராகிக் களி, பருப்புச் சோறு, வாழைப்பழம் என்று தின்றான். புண் ஆறியது, கன்னத்தில் சதை வைத்தது. தான் கட்டிய கயிறுதான் காரணம் என்று அத்தை தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மாடு கன்று போட்டது. சீம்பால் எல்லாம் முடிந்து நல்ல பால் வந்ததும் அப்பா மறுபடி டம்ளரை எடுத்தார். நான்கே நாளில் தம்பி பழையபடி ஆனான். கயிறு நைந்துபோய்விட்டது என்றார் அத்தை.

சாயங்காலப் பாலைக் குடிக்க வைப்பதை என்னிடம் விட்டிருந்தார்கள். உண்மையைச் சொல்கிறேன். தம்பி மேல் அக்கறையில் நான் அந்தப் பாலைக் குடிக்கவில்லை. ஆசையில் குடித்தேன். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான், நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டேன். ஒரு வாரம் இப்படிப் போனது. அப்புறம்தான் கவனித்தேன். அவன் காலையில் அழுகிறான், சாயங்காலம் அழுவதில்லை. அப்பா கொடுக்கும் டம்ளருக்கு வயிறு கத்துகிறது, நான் குடித்துவிடும் டம்ளருக்குக் கத்துவதில்லை. இதைப் புரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் போதும்.

சாப்பிடும்போது சொன்னேன். “பாலு குடிச்சாத்தானுங்ப்பா தம்பிக்கு வயித்தால போவுது.”

அத்தை என் தலையில் குட்டினார். “நீயென்ன டாக்டருக்குப் படிச்சுப்போட்டயா? கறவை மாடு வெச்சிருக்கற ஊட்டுப் பையனுக்குப் பாலு ஆவாதுன்னா ஊரே சிரிக்கும்.” மறுநாள் முதல், பையன் தேறட்டும் என்று அப்பா கையில் டம்ளருக்குப் பதில் சொம்பு வந்தது.

சொம்பு வந்த மூன்றாம் நாள் தம்பி நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டான். அப்பா பைக்கை எடுத்தார். அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டாள், நான் டேங்க் மேல். பொள்ளாச்சியில் ஒரு பெண் டாக்டர். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

“பாலத் தவுர வேறெதுவும் அதிகமாக் குடுக்கறதில்லீங் டாக்டரம்மா,” என்றார் அப்பா. “நாட்டு மாட்டுப் பாலுங்க.”

நான் கவனித்ததைச் சொன்னால் பாலைத் திருடியது தெரிந்துவிடும், வீட்டில் தோல் உரியும். தம்பி அம்மாவின் தோளில் துணி மாதிரி கிடந்தான். சொல்லிவிட்டேன். காலை, சாயங்காலம், நுரை, நாற்றம், புண், மாடு வற்றிய இரண்டு மாதம், நான் குடித்த பால், எல்லாவற்றையும்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “புண்ணு எப்ப ஆறுச்சு கண்ணு?” என்று என்னைத்தான் கேட்டார், பெரியவர்களை இல்லை. தம்பியின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார். “பாலு கெட்டதில்லீங்க. அதுல இருக்கற சர்க்கரைய இவங் குடலு செரிக்க மாட்டீங்குதுன்னு தோணுது. ரெண்டு வாரம் சுத்தமா நிறுத்திப்போட்டுக் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்.”

“நாட்டு மாட்டுப் பாலுங்க,” என்றார் அப்பா மறுபடியும், டாக்டர் காதில் விழவில்லை என்பதுபோல.

“எந்த மாடா இருந்தாலும் அதேதானுங்க.”

வீட்டுக்கு வந்ததும் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அத்தை என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அன்றைக்குப் பாத்திரத்தை ஒரு தடவைதான் கழுவினாள்.

மறுநாள் காலையில் அப்பா பழக்கத்தில் டம்ளரோடு வந்துவிட்டார். தம்பியைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். “நீ குடி சாமி.”

அப்பா கையால் எனக்குக் கிடைத்த முதல் டம்ளர் பால். அத்தை பார்க்கும்படி நின்றுகொண்டே குடித்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் இடைவேளை மணி அடித்தபோது கேட்டுக்கு வெளியே அப்பாவின் பைக் நின்றது. அவர் அதற்குமுன் ஒரு நாளும் என்னைப் பார்க்கப் பள்ளிக்கூடம் வந்ததில்லை.

“வயிறு நல்லாருக்குதா?” என்று கேட்டார்.

“நல்லாருக்குதுங்ப்பா.”

“சத்தம் கித்தம் போடுதா?”

“இல்லீங்.”

ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சத்தான் அப்பா அவ்வளவு தூரம் வந்தார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். தன் கையால் கொடுத்த பால் எனக்கும் ஆகாமல் போய்விடுமோ என்று அந்த மனிதர் பயந்துபோய் வந்திருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.