இரண்டு கடிகாரங்களும் ஓர் ஆணியும்

பனியன் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவனுக்கு அடிக்கடி மணி பார்ப்பதும் ஒரு வேலை. அதற்கு மட்டும் கூலி கிடையாது. தூக்கமில்லாத சக ஷிப்டுக்காரர்களே, இந்த வியாதி முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. மணி பார்த்துப் பார்த்து, பழைய பாக்கெட் கடிகாரங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். அறுபதுகளின் நடுவில், என் டிரங்குப் பெட்டியில் ஏற்கெனவே சில கிடந்தபோது நடந்தது இது.

பாய் கடையில்

பழைய சாமான் கடை பாய் ஒரு நாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். குண்டடத்துப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் பாகம் பிரித்தபோது வந்தவையாம், இரண்டு கடிகாரங்கள். இரண்டுக்கும் வெள்ளிக் கூடு. ஒன்று மூடி போட்டது. மூடி முழுக்கக் கொடியும் பூவுமாகச் செதுக்கல், அமுக்கினால் பட்டென்று திறக்கும். மற்றது மொட்டை முகம். அலங்காரமே இல்லை, ஆனால் எண்ணெய் போட்ட மிஷின் மாதிரி ஒரே சீரான சத்தம்.

என் கைக்கு ஒன்றுதான் எட்டும். மற்றதை நகைப் பட்டறைக்காரர் வெள்ளிக்காகக் கேட்டிருக்கிறார், உருக்கிவிடுவார் என்றார் பாய். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வெள்ளிக்கிழமை வரை இரண்டையும் கேட்டு வாங்கினேன். பாய் சிரித்தார்.

"பொண்ணு பாக்கப் போனா ஒண்ணத்தானுங்க புடிச்சிருக்குன்னு சொல்லோணும். நீங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க!"

தலைமாட்டில்

பகலில் தூங்க வேண்டியவன் தூங்கவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிக் காதில் வைத்துக்கொண்டு கிடந்தேன். ஒன்றை எடுத்தால் மற்றது உலையில் உருகி வழிவது கண்ணில் தெரியும். சோற்றுத் தட்டோடு வந்த என் மனைவி அதைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு நாளாச்சும் இப்பிடி நாடி புடிச்சுப் பாத்தீங்களா?"

பரீட்சை

அழகை வைத்து அல்ல, ஓட்டத்தை வைத்தே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன். தினமும் சாயங்காலச் சங்குக்கு இரண்டையும் சரிவைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போவேன். ஒன்றாகக் கட்டினால் உரசிக் கீறல் விழுமே! அதனால் மூடி போட்டதை மடியில் செருகிக்கொண்டேன். மொட்டை முகத்தைப் பஞ்சுத் தூசி படாமல் துணி சுற்றி, என் பின்னல் மிஷின் மோட்டாருக்கு மேலே இருந்த ஆணியில் தொங்கவிட்டேன்.

மடியில் இருந்தது லேசாகப் பின்தங்கியது, அவ்வளவுதான். ஆணியில் இருந்ததோ பிய்த்துக்கொண்டு ஓடியது. காலைச் சங்கு ஊதும்போது அதற்கு விடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை அதைத் திருப்பிக் கொடுத்தேன். பாய் காதில் வைத்துக் கேட்டார்.

"எங்கிட்ட இருந்தவரைக்கும் ஒழுங்கா இருந்ததுங்களே! உங்ககிட்ட என்னத்தப் பாத்துப் பயந்து இந்த ஓட்டம் ஓடுது?"

அதே ஆணி

ஜெயித்த கடிகாரம் இனி மடி வேர்வையில் கிடக்க வேண்டாம் என்று, அதை அதே ஆணியில் மாட்டினேன். இரண்டே ராத்திரியில் அதுவும் பிய்த்துக்கொண்டு ஓடியது. மோட்டார் பார்க்க வந்த திருநெல்வேலிக்காரரிடம் சொன்னேன். மோட்டாரின் காந்தம் ஏறினால் உள்ளே இருக்கும் மெல்லிய சுருள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கடிகாரம் தறிகெட்டு ஓடும், ரிப்பேர்காரர் அந்தக் காந்தத்தை எடுத்துவிடலாம் என்று விளக்கினார்.

"கடியாரத்துல ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி. நீங்க மாட்டுன எடந்தான் கோளாறு."

கடைப் பலகை

ஷிப்டு முடிந்ததும் தலையெல்லாம் பஞ்சோடு சைக்கிளை மிதித்தேன். பாய் அப்போதுதான் கடைப் பலகையை எடுத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. மொட்டை முகத்தின் கூடு முந்தின நாளே உருகிவிட்டது. உள்ளிருந்த எந்திரம் வேண்டாம் என்று பட்டறைக்காரர் கழற்றிக் கொடுத்ததை, பாய் பனியன் வேஸ்ட் துணியில் பொதிந்து வைத்திருந்தார். பிரித்தேன். முகமும் முள்ளும் இருந்தன. கண்ணாடி இல்லை, கூடு இல்லை. லேசாக அசைத்ததும் ஓடத் தொடங்கியது. விலை கேட்டேன். பாய் கையை ஆட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க. தோல உரிச்ச பொறவும் மூச்சு வுடற சீவனுக்கு நான் என்னன்னு வெல சொல்றது?"

ரிப்பேர்காரர் காந்தத்தை எடுத்த பிறகு இரண்டில் அதுதான் பிசகாமல் ஓடியது. ஊருக்கெல்லாம் பனியன் பின்னித் தள்ளுகிறவன் நான். என் பெட்டிக்குள், ஓட்டத்தில் கெட்டிக்காரனான அந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை உடுத்த ஒன்றுமில்லை.