வயர்மேனின் இடது கண்

மார்ச் 11 – நீல டேப் ஒன்று, பச்சை டேப் ஒன்று – 44
ஜூன் 7 – வாடகைக் கார், ரயில் நிலையத்திலிருந்து வீடு – 180
ஜூன் 9 – ஏழு நாள் மாத்திரைப் பெட்டி, இரண்டு – 130
ஆகஸ்ட் 28 – செலவு இல்லை
அக்டோபர் 10 – கறுப்புக் கண்ணாடி – 150
நவம்பர் 2 – வண்டி, ஆள்கூலி – 2,300

இந்த ஆறும் வயர்மேன் வீட்டுத் தேதிகள். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும் தெரு முழுக்க அவருக்கு வயர்மேன் என்றுதான் பெயர். அவர் மனைவிக்கு டிக்கெட் அக்கா. சினிமாத் தியேட்டரின் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள். அந்தத் தியேட்டர் இப்போது சோபாக் கடை. அவள் வாய் மட்டும் இன்னும் ஜன்னலைச் சாத்தவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் பெரிய டாக்டர் கையை விரித்துவிட்டார். கணையத்தில் தொடங்கியது கல்லீரல் வரை போய்விட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம், மாசக் கணக்குத்தான் என்றார். எத்தனை மாசம் என்று கேட்க வயர்மேனுக்கு நாக்கு எழவில்லை. டிக்கெட் அக்கா கேட்டாள்.

"அதெல்லாம் சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர்.

"நீங்களே சொல்லாட்டி வேற யாரு சொல்லுவாங்க? சரி, விடுங்க. எத்தனை மாசமானாலும் என் வீட்டுல, என் கட்டில்ல. பக்கத்து பெட்டுக்காரி குறட்டையைக் கேட்டுக்கிட்டே நான் சாக மாட்டேன்."

வயர்மேன் சரியென்று தலையாட்டினார். வெளியூரில் வங்கி வேலையிலிருந்த மகள், போனில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள்.

"நீங்க திடமா இருக்கிற வரைக்கும் சரிப்பா. உங்களுக்கும் முடியலேன்னா அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்துடுவேன். அப்புறம் என்மேல கோவிச்சுக்கக் கூடாது."

"எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்."

கல்லுக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. வலது காலில் செருப்பு கழன்றது தெரியாமல் பாதித் தெரு நடந்து வந்த நாளும் உண்டு. இரண்டு கண்ணிலும் புரை. கண் ஆஸ்பத்திரியில் ஏப்ரலுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார். மகளிடம் மூச்சுவிடவில்லை. மனைவியிடம், "லேசாப் புரைதான், அவசரமில்லையாம்," என்று முடித்துக்கொண்டார்.

மாத்திரை கொடுப்பது அவர் பொறுப்பாயிற்று. அட்டையிலிருந்து பிதுக்கி எடுப்பதற்குக் கண் ஒத்துழைக்கவில்லை. அவளுடைய வலி மாத்திரைகளை ஒரு வெள்ளைப் புட்டியிலும், தன் சர்க்கரை மாத்திரைகளை அதே அளவு இன்னொரு புட்டியிலும் கொட்டினார். இரண்டும் சின்னச் சின்ன வெள்ளை வட்டங்கள். அடையாளத்துக்குத் தனக்குத் தெரிந்த வழியில் இன்சுலேஷன் டேப் சுற்றினார். வீட்டில் சிவப்பும் கறுப்பும் சுருள் சுருளாகக் கிடந்தன. ஆனால் சிவப்பு கரண்ட் ஓடும் வயருக்கு உரியது. அதை அவள் வாயில் போடும் பொருளின்மேல் ஒட்ட முப்பத்து நாலு வருஷக் கை மறுத்தது. கறுப்பை ஒட்ட மனசு மறுத்தது. கடைக்குப் போய் நீலமும் பச்சையும் வாங்கிவந்தார். நீலம் அவளுக்கு, பச்சை அவருக்கு.

"நான் என்ன மோட்டாரா, டேப் சுத்தி வைக்கிறீங்க?" என்றாள்.

ஏப்ரலும் மே மாதமும் எப்படியோ போயின. ஜூன் ஐந்தாம் தேதியிலிருந்து வீட்டில் எதுவும் எதோடும் ஒட்டவில்லை. வயர்மேன் நாற்காலியில் உட்கார்ந்தால் தூங்கினார். பால் பொங்கி அடுப்பை அணைத்தபோதும் தூங்கிக்கொண்டிருந்தார். வயசாகிவிட்டது என்று நினைத்தார். கட்டிலில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கேட்டதற்கெல்லாம் மாத்திரை கொடுத்தும் வலி மட்டுப்படவில்லை. நோய் முற்றிவிட்டது என்று நினைத்தார். ஏழாம் தேதி காலையில் அவள் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்ட, கண்ணைத் திறக்காமல் பேசத் தொடங்கினாள்.

"பால்கனி இல்லைங்க. கீழேதான் இருக்கு. ஆளுக்கு நாலு டிக்கெட்தான். தள்ளாதீங்க, தள்ளாதீங்க."

முடிவு வந்துவிட்டது என்றே வயர்மேன் நினைத்தார். மகளைக் கூப்பிட்டார். வாரம் இரண்டு முறை வந்துபோகும் சிஸ்டரையும் கூப்பிட்டார். சிஸ்டர் வந்ததும் டிக்கெட் அக்காவின் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தாள். அடுத்த நொடி சமையலறைக்கு ஓடிச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி வந்து, தலையைத் தூக்கிப் பிடித்து, மெல்ல மெல்லப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் டிக்கெட் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"யாரு செத்துட்டா? ஏன் ரெண்டு பேரும் இப்படி நிக்கிறீங்க?"

"அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டா, ஐயா?" என்று கேட்டாள் சிஸ்டர்.

"இல்ல சிஸ்டர், எனக்குத்தான்."

சிஸ்டர் இரண்டு புட்டிகளையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். "இது என்ன கலர்?"

"நீலம்."

"இது?"

வயர்மேன் கிட்டே போய்ப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது பச்சை. பச்சைதானே?"

"நீங்க நீலம்னு சொன்னதுதான் பச்சை, ஐயா."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அப்படியானால் அவருடைய தூக்கம் அவளுடைய மாத்திரை. அவளுடைய வேர்வை அவருடைய மாத்திரை. இரண்டு நாள் அவள் பட்ட வலி நோயினால் வந்ததில்லை, அவர் கையால் வந்தது. எது யாருடைய நோய் என்று அடுக்கிப் பார்த்தார். அடுக்க அடுக்கக் கலைந்தது.

மத்தியானம் மகள் காரிலிருந்து இறங்கி, பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்: "கல்லு மாதிரி இருக்கேன்னீங்களேப்பா?"

"அவரை ஏன்டி பிடிச்சுக்கிறே?" என்றது கட்டிலிலிருந்து குரல். "ரெண்டு நாளாவது மனுஷன் நிம்மதியாத் தூங்கினாரு."

"அம்மா, நீ சும்மா இரு. நான் வண்டி சொல்லப் போறேன்."

"சொல்லு. வந்த வண்டியில நீயே ஏறிப் போ. கண்ணு அவருக்குத்தானே தெரியல? எனக்குத் தெரியுதே. மாத்திரையை இனிமே நான் குடுக்கிறேன், அவருக்கும் சேர்த்து. இருபத்தாறு வருஷத்துல ஒரு டிக்கெட்டாவது மாத்திக் குடுத்திருப்பேனா நான்?"

மகள் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாரா வாரம் பெட்டியில நானே போட்டு வச்சுட்டுப் போறேன். அம்மா எடுத்துக் குடுக்கட்டும். போதை மருந்து மாதிரி இருக்கிறதை மட்டும் நான் எண்ணிப் பார்த்துக்கிறேன்," என்றாள். மகள் இரண்டு நாள் யோசித்தாள். ஒன்பதாம் தேதி தானே போய் இரண்டு பெட்டி வாங்கிவந்தாள். ஊருக்குக் கிளம்பும்போது, "கண்ணை மட்டும் சரிபண்ணிக்கோங்கப்பா. இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா நான் யாரையும் கேட்க மாட்டேன்," என்றாள்.

அன்றிலிருந்து காலை வேளையில் டிக்கெட் அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் பெட்டிகளை வைத்துக்கொண்டு, "அடுத்த ஆள்!" என்பாள். வயர்மேன் கையை நீட்டுவார். "சில்லறையா இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை வைப்பாள். இத்தனை வருஷத்தில் அவர் இவ்வளவு ஒழுங்காக மருந்து சாப்பிட்டதில்லை. சர்க்கரை இறங்கியது. மாடிப்படியில் மூச்சு வாங்குவது குறைந்தது. அவள் கையால் வாங்கி வாங்கி அவர் தேறினார். கொடுத்துக் கொடுத்து அவள் இளைத்தாள். இதில் நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டையும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். வரவேற்பில் இருந்த பெண் அன்பானவள்.

"ஆபரேஷன் ஆனா கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது, ஆளைத் தூக்கக் கூடாது, ஐயா. வீட்டுல முடியாதவங்க இருக்காங்கங்கிறீங்க. அவங்களுக்குச் சரியானப்புறம் வச்சுக்கலாமே? எந்த மாசம் போடட்டும்?"

வயர்மேன் திருதிருவென்று விழித்தார். ஜூலை என்று சொல்ல வாயெடுத்தார். ஜூலையில் அவள் இருக்க மாட்டாள் என்று தானே கையெழுத்துப் போடுவது போலிருந்தது. டிசம்பர் என்றால் அதுவரை இவள் இந்த வலியோடு இருக்கட்டும் என்பது போலிருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டார்.

முகத்தைப் பார்த்தே அவள் விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். "இதுக்கா இந்த முழி? ஆகஸ்ட் கடைசி போடுங்க. அதுக்குள்ள நம்ம படம் முடிஞ்சிடும்."

"வாயை மூடு," என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் சொல்லாத சொல். மறுநாள் போய் ஆகஸ்ட் 28 என்று பதிந்துவிட்டு வந்தார்.

ஆகஸ்ட் வந்தது. அவள் அரைக் கரண்டி கஞ்சி குடித்தாள், கிண்டலடித்தாள், இருந்தாள். ஒருநாள் காலண்டரைப் பார்த்தபோது இன்னும் எட்டு நாள் என்று மனசுக்குள் ஓடியது. எதற்கு எட்டு நாள்? தன்னையே கேட்டுக்கொண்டார். பதில் வருவதற்குள் காலண்டரைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். அவள் இருப்பதில் அவருக்குச் சந்தோஷம்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த எட்டு எங்கிருந்து வந்தது?

இருபத்தேழாம் தேதி அவளே சொன்னாள். "மன்னிச்சுக்குங்க. படம் இழுத்துக்கிட்டே போகுது."

அவர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கலாமா என்று அப்புறம் தோன்றியது. இருபத்தெட்டாம் தேதி எங்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு டிக்கெட் அக்கா வழியை மாற்றினாள். "நான் இருக்கும்போதே போய்ட்டு வந்துடுங்க. நான் இல்லாதப்ப கண்ணு தெரிஞ்சு எதைப் பார்க்கப் போறீங்க? சோபாக் கடையையா?" மகளைக் கூப்பிட்டுப் பத்து நாள் லீவு போடச் சொன்னதும் அவள்தான். அக்டோபர் 9 அன்று வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. மறுநாள் கட்டைப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அறை வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றினார். படுக்கை விரிப்பு வெள்ளையாக இருந்தது. அது வெள்ளை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அலமாரியில் கிடந்த நீல டேப் பளிச்சென்று நீலமாக இருந்தது. அதற்கு நடுவில் அவள் மஞ்சளாக இருந்தாள். நெற்றி, கழுத்து, கையின் புறம், கண்ணின் வெள்ளை எல்லாம் பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் கிடப்பது போல் மஞ்சள். அறையில் வோல்டேஜ் குறைவு என்று அவர் செப்டம்பரில் இரண்டு தரம் பல்பு மாற்றியிருந்தார்.

வலது கண்ணை மூடினார். இடது கண்ணில் எல்லாமே ஒரே பழுப்பு. அதில் அவள் எப்போதும் போல் மாநிறமாக, கொஞ்சம் இளைத்த தன் மனைவியாக இருந்தாள். இடது கண்ணை மூடினார். மஞ்சள். மறுபடி வலது.

"என்ன, இந்த வயசுல எனக்குக் கண்ணடிக்கிறீங்க?" என்றாள்.

"நீ எப்பலேருந்து இப்படி?"

"எப்படி?"

"மஞ்சளா."

"ஜூலையிலேருந்து. சிஸ்டர் சொல்லலையா? நீங்க தினமும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "எந்தக் கண்ணுல நான் நல்லா இருக்கேன்?" என்று கேட்டாள்.

"இடது."

"இருந்தாலும் அதுக்கும் தேதி வாங்கிடுங்க. பாதிப் படத்துல எழுந்து போறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது."

அடுத்த வாரங்களில், வலி மாத்திரை போட்டும் அவள் முனகும்போது வலது கண்ணால் பார்த்தார். இன்னும் எவ்வளவு மருந்து தேவை என்று அந்தக் கண்ணுக்குத்தான் தெரிந்தது. அவள் தூங்கியதும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு இடது கண்ணால் பார்த்தார். எதை நம்புவது என்று முடிவு செய்யவில்லை. நவம்பர் 2, காலை பத்து மணிக்குச் சற்று முன், தன் கட்டிலில், தன் வீட்டில், டிக்கெட் அக்கா இறந்தாள். அப்போது அவர் இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் மகள் பெட்டியைத் திறந்து மாத்திரையை நீட்டினாள். அவர் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இடது கண்ணுக்கு வரச் சொல்லிக் கண் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. பார்க்கலாம் என்றார்.

"ஒரு கண்ணுல ஒரு கலர், இன்னொரு கண்ணுல இன்னொரு கலர்னா தலை சுத்தாதாப்பா?" என்றாள் மகள்.

"சுத்துது."

"அப்புறம் என்ன? அம்மாவே தேதி வாங்கிடுங்கன்னுதானே சொன்னாங்க?"

"சொன்னா."

"அப்ப?"

"தெரியலம்மா," என்றார். கட்டிலைப் பார்த்து வலது கண்ணை மூடிக்கொண்டார்.

இடது கண்ணுக்குத் தேதி குறித்து, இந்த முறையும் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்று ஆஸ்பத்திரியின் கடைசிக் கடிதம் டிசம்பர் 6 அன்று வந்தது. போவதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.